பள்ளத்து வீட்டுக்கு ஒரு ஹீட் பம்ப்

டிசம்பர் 1, திங்கள்

குமுதவல்லி கரூருக்குப் போய் இன்றோடு இருபத்தாறு நாள். பத்து நாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பத்து நாள் என்றுதான் சொல்வார்கள். அதை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

காலையில் தொலைபேசினாள்.

"அந்த வீட்ல இனி ஒரு குளிர்காலம் என்னால முடியாதுங்க. பொங்கலுக்கு மூணு நாள் வர்றேன். அப்பப் பேசி ஒரு முடிவுக்கு வந்துருவோம்."

"என்ன முடிவு?"

"நான் இங்கயே இருந்துர்றதா, இல்லையான்னு."

நாற்பத்தொரு வருடத் திருமண வாழ்க்கையில் அவள் சொன்னவற்றில் மிகத் தெளிவான வாக்கியம் இது. இதில் ஒரே குறை, எண் எதுவும் இல்லை. 'முடியாது' என்பது அளவு அல்ல. எத்தனை டிகிரியில் முடியாது என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும். அஞ்சலகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்த காலத்தில் அவள் குளிரைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. ஓய்வு பெற்று பகல் முழுவதும் வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் விரல்கள் வெளுத்துப்போகின்றன. ரத்த ஓட்டம் என்கிறார் மருத்துவர்.

பிரச்சினை குளிர். தீர்வு சூடு. பொங்கலுக்குள் வீட்டில் ஹீட் பம்ப் பொருத்திவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். ஆறு வாரம் இருக்கிறது. உதகையின் தட்பவெப்பத்தை முப்பத்தோரு வருடம் அளந்து எழுதிய ஒருவனைவிட இந்த ஊருக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுக்கத் தகுதியான ஆள் இருக்க முடியாது.

டிசம்பர் 3, புதன்

ஹீட் பம்ப் என்பது குளிர்சாதனப் பெட்டியைத் தலைகீழாக வேலை வாங்குவது. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டைத் திரட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறது. ஐந்து டிகிரிக் காற்றில் என்ன சூடு இருக்கும் என்று கேட்பவர்கள் பள்ளியில் இயற்பியல் வகுப்பில் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தவர்கள். ஒரு பங்கு மின்சாரம் கொடுத்தால் மூன்று பங்கு சூடு. கம்பி பழுக்கும் ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான்.

வெளியே குளிர் கூடக் கூட இந்த மூன்று பங்கு குறைந்துகொண்டே வரும். ஆகவே, கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பது ஊரைத் தெரிந்துகொள்வது. கைவசம் வானிலை நிலையத்தில் நானே எழுதிய பதிவேடுகளின் நகல் இருக்கிறது. ஜனவரி மாதக் குறைந்தபட்ச வெப்பநிலையின் சராசரி 5.6. இரண்டு டிகிரிக்குக் கீழே போன இரவுகள் முப்பத்தோரு வருடத்தில் பதினொன்று.

இரண்டு டிகிரி வரை வேலை செய்யும் மாடல் ஒன்றைக் குறித்துக்கொண்டேன். பதினோரு இரவுகளுக்காக யாரும் துருவப் பிரதேசத்துக்குச் செய்த கருவியை வாங்குவதில்லை.

டிசம்பர் 6, சனி

குமுதாவின் மூக்குக் கண்ணாடிக்கு மருத்துவர் எழுதிய சீட்டைக் கூரியரில் அனுப்பினேன். பழையது பொங்கல் வரைக்கும் தாங்காதாம், அங்கேயே புதுக் கண்ணாடி போடுகிறாளாம். நல்லது.

உப்புமா செய்தேன். உணவு என்ற வரையறைக்குள் வந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

கோயமுத்தூரிலிருந்து ஹீட் பம்ப் விற்கும் கம்பெனியின் பொறியாளர் வந்தார். பெயர் கோகிலவாணி. முப்பது வயதிருக்கும். வந்ததும் தேநீரை மறுத்துவிட்டு, வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு தோட்டத்தின் கோடியில் நின்று, மூன்று பக்கமும் ஏறிப்போகும் சரிவைப் பார்த்தார்.

பதிவேட்டை நீட்டினேன். மரியாதையாகப் புரட்டினார்.

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க சார். இது எங்க எடுத்ததுங்க?"

"நிலையத்தில்."

"நிலையம் எங்கிருக்குதுங்க?"

மேலே, குன்றின் உச்சியைக் காட்டினேன். அவர் உச்சியைப் பார்த்தார். பிறகு தன் காலடியைப் பார்த்தார்.

"அங்க இருக்கற குளுரு இல்லீங்க சார் இது. உங்க வாசல்ல எத்தன டிகிரிங்க?"

"வாசலில் யாரும் அளப்பதில்லை அம்மா. தரையிலிருந்து நாலு அடி உயரம், பலகை அடித்த வெள்ளைப் பெட்டி, திறந்த வெளி. இந்த நிபந்தனைகள் இல்லாமல் எடுக்கும் எண் வெறும் அபிப்பிராயம்."

"சரிங்க சார். ஆனா மிஷினு அந்தப் பொட்டிக்குள்ள நிக்காதுங்களே. இந்த வாசல்லதானுங்க நிக்கும்."

இந்தத் தலைமுறைக்கு ஆவணங்களில் நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் வாசலில் அளந்துவிட்டுச் சொல்லச் சொன்னார். வீட்டில் வெப்பமானி இல்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ தோன்றி மறைந்தது. மீன் வியாபாரி வீட்டில் மீன் வாங்கினார்களா என்று யாரும் கேட்பதில்லை.

டிசம்பர் 10, புதன்

தையல் இயந்திரத்தை அனுப்பச் சொல்லி இளவேனில் தொலைபேசினாள். லாரி பார்சலில் போட்டேன். மகளுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். வானிலைக்காரன் வேறு என்ன வைப்பான்.

மூன்று நாள் விருந்துக்கு வரப்போகும் குமுதா, அதற்குள் அங்கே நிறையத் தைப்பாள் போலிருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

வேலிக்கு அப்பால் கேரட் போட்டிருக்கும் போஜன், விடியலில் தோட்டம் முழுவதும் தண்ணீர் தெளிப்பானை ஓடவிட்டிருந்தார். நல்ல பனியில் எதற்கு இன்னும் ஈரம் என்று கேட்டேன்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? உறைபனி சார். வெயில் வரதுக்குள்ள தண்ணி அடிச்சுக் கழுவலேன்னா எல கருகிப் போயிரும்."

"இங்கே உறைபனி எத்தனை நாள் விழும்?"

"நம்ம பள்ளத்துலயா? கார்த்திகைல ஆரம்பிச்சா மாசி வரைக்கும் விழுந்துட்டேதான் இருக்கும். ஏன், வீட்டம்மாதான் தெனம் சாயங்காலம் வேலிகிட்ட வந்து கேப்பாங்களே, 'போஜண்ணா, நாளைக்கு விழுமா'ன்னு. விழும்னு சொன்னா ராத்திரியே தண்ணி புடிச்சு உள்ள வெச்சுருவாங்க."

"என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லையே."

போஜன் தெளிப்பானை அணைக்கப் போனார். அவருக்கு வேறு வேலை இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

போஜன் சொன்னதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விவசாயிகள் இலையைப் பார்ப்பவர்கள். இலையின் வெப்பநிலையும் காற்றின் வெப்பநிலையும் ஒன்றல்ல. தெளிந்த இரவில் தரையும் இலையும் வாளியும் தம் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, காற்றைவிட அதிகம் குளிர்ந்துபோகும். இது பால பாடம்.

இதையே குமுதாவுக்கும் சொல்லியிருக்கிறேன். போன ஜனவரியில் ஒரு நாள் காலை, வாளியில் உறைந்திருந்த பனிக்கட்டியைத் தட்டு மாதிரி அப்படியே எடுத்துக்கொண்டு, நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த கூடத்துக்கு வந்தாள். "இதப் பாருங்க," என்றாள். நிலையத்தில் அன்று 4.8. ஆகவே வாளி உறைந்ததற்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். விளக்கம் இருபது நிமிடம் இருக்கும். முடிவதற்குள் பனிக்கட்டி உருகிவிட்டது. அதுவரை கையில்தான் வைத்திருந்தாள்.

தட்டில் வைத்திருக்கலாம்.

டிசம்பர் 17, புதன்

நிலையத்தில் இப்போது இருக்கும் சிவஞானத்திடம், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் குறித்துக் காட்டும் வெப்பமானி ஒன்று இரவல் கேட்டேன்.

"வைத்திலிங்கம் சாருக்கு வெப்பமானியா? வீட்ல இல்லையா சார்?" என்று சிரித்தார். பொருத்தப்படாத பழைய வெள்ளைப் பெட்டி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். அளப்பதையும் ஒழுங்காகவே செய்வோம். சமையலறை வாசலுக்கு எதிரே, நாலு அடி உயரத்தில் நிறுத்தினேன். கோகிலவாணிக்கு ஒரு எண் வேண்டும். கொடுத்துவிடலாம்.

டிசம்பர் 18, வியாழன்

காலை 6.10. மைனஸ் 2.4.

வெப்பமானி பழுது. ஐஸை நொறுக்கித் தண்ணீரில் போட்டு அதற்குள் வைத்தேன். பூஜ்யம் காட்டியது. இன்னொரு முறையும் பூஜ்யமே காட்டியது.

டிசம்பர் 19, வெள்ளி

மைனஸ் 3.1. சிவஞானத்தைக் கூப்பிட்டேன். நிலையத்தில் 4.6.

டிசம்பர் 20, சனி

மைனஸ் 2.8. நிலையம் 5.0.

டிசம்பர் 21, ஞாயிறு

மைனஸ் 3.0. நிலையம் 4.3.

காற்றில்லாத தெளிந்த இரவில், குளிர்ந்த காற்று கனமாகி, சரிவில் தண்ணீர் போல வழிந்து கீழே வந்து பள்ளத்தில் தேங்கும். குன்றின் உச்சியில் நிற்பவனுக்கு இதமாக இருக்கும். அடியில் படுத்திருப்பவன் விறைத்துப்போவான். நிலையத்துக்குப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுப்பேன். கரும்பலகையில் குன்று, பள்ளம், அம்புக்குறிகள். பள்ளத்தில் ஒரு சின்ன வீடுகூட வரைவேன். அதன் புகைபோக்கியிலிருந்து புகை போகும்.

அந்த வீடு யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

இந்த வீட்டுக்கு வந்து இருபத்தொன்பது வருடம். இன்று சமையல் எதுவும் செய்யவில்லை.

டிசம்பர் 24, புதன்

கோகிலவாணியைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஆறு நாள் எண்களையும் வாசித்தேன். "நான் நெனச்சேனுங்க சார்," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

முதலில் குறித்த மாடல், தேவைப்படும் நேரம் பார்த்து நின்றுபோயிருக்கும். பொங்கலன்று காலை குமுதா அடுப்படிக்கு வரும்போது அது வாசலில் வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றிருக்கும். மைனஸ் பதினைந்து வரை தாங்கும் மாடல்தான் வேண்டும். அதோடு மூடுபனியும் இருக்கிறது. இரண்டு டிகிரியை ஒட்டி, ஈரமும் சேர்ந்தால் வெளியே இருக்கும் சுருளில் பனி படியும். கருவி அவ்வப்போது தன்னைத்தானே சூடாக்கிப் பனியை உதறிக்கொள்ள வேண்டும். அந்த உருகிய நீர் ஓடிப்போக இடம் வேண்டும். ஆகவே தரையில் வைக்கக்கூடாது, இரண்டு அடி உயரத்தில் தாங்கி கட்ட வேண்டும். இவை எல்லாம் அவர் சொன்னவை. சரியாகச் சொன்னார்.

"கடேசியா ஒண்ணு சார். எந்த ரூம்ல மாட்டறதுங்க?"

"கூடத்தில்."

"அம்மா கூடத்துலதான் இருப்பாங்களா?"

"வீட்டில் எல்லோரும் கூடத்தில்தான் இருப்போம்."

"எல்லாரும்னா, மொத்தம் எத்தன பேருங்க?"

இருவர். குமுதா கூடத்தில்தான் இருப்பாள் என்பதை ஊர்ஜிதம் செய்துகொள்ள இளவேனிலைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா கேள்வி இது? அம்மா எப்பப்பா கூடத்துல உக்காந்தாங்க? காலைல அஞ்சரைக்கு அடுப்படிக்குப் போனா அங்கயேதான். தையல் மெஷினக்கூட அடுப்புச் சூடு படும்னு அங்கதான போட்டிருந்தாங்க."

"அது கூடத்தில் இடமில்லாததால் என்று நினைத்தேன்."

"கூடத்துல ஒங்க பதிவேடுதான இருக்கு."

சமையலறைதான் என்று கோகிலவாணிக்குச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 29, திங்கள்

ஆதாரில் முகவரியை மாற்றக் குமுதாவின் பழைய சான்றிதழ் நகல் வேண்டுமாம். கரூர் முகவரி போடுகிறாள். ஸ்கேன் செய்து அனுப்பினேன். முகவரி மாற்றம் இப்போதெல்லாம் மிகச் சுலபம் என்கிறார்கள். திரும்ப மாற்றுவதும் அதே அளவு சுலபமாகத்தான் இருக்க வேண்டும்.

மைனஸ் 2.2.

ஜனவரி 3, சனி

தச்சரும் அவர் தம்பியும் வந்து மூன்று நாளாக வேலை. ஓட்டை வீட்டைச் சூடாக்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி என்று கோகிலவாணி முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தகரக் கூரைக்கும் மரச் சீலிங்குக்கும் நடுவே கனத்த கம்பளிப் பாய் மாதிரி ஒன்றை விரித்தார்கள். சமையலறை ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. அதில் மடித்து மடித்துத் திணித்த பழைய சேலைத் துணி. எத்தனை வருடத்துத் துணி என்று தெரியவில்லை, நிறம் போய்விட்டது.

"யாரு சார் இதச் சொருகுனது? நல்லா இறுக்கித்தான் வெச்சிருக்காங்க," என்றார் தச்சர்.

எடுத்துவிட்டு ரப்பர் பட்டை ஒட்டச் சொன்னேன்.

ஜனவரி 8, வியாழன்

கருவி பொருத்தியாயிற்று. மாலையில் ஊர் முழுவதும் ஹீட்டர் போடும்போது மின்னழுத்தம் சரிந்துவிடும் என்பதால் ஸ்டெபிலைசரும் வைத்தாயிற்று. கோகிலவாணி கிளம்பும்போது, "இனி அம்மா வந்து பாக்கறதுதான் பாக்கீங்க," என்றார். தேநீர் குடித்தார்.

ஜனவரி 9, வெள்ளி

வெளியே மைனஸ் 3.4. சமையலறை 20.5.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே இருக்கும் பெட்டி நீளமாகப் பெருமூச்சு விட்டு, நாலு நிமிடம் நின்று, பனியை உதறிக்கொண்டு மறுபடி ஓடுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

காலை முழுவதும் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். இங்கே உட்காருவது இதுவே முதல் முறை என்பதால் கவனித்தவை: முக்காலி ஒன்றுதான் இருக்கிறது. அது அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே, முதுகு சுவரில் படாமல் ஒரு கை தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் போஜனின் பள்ளம். கருவி ஓடும்போதும் சுவர் சில்லென்றுதான் இருந்தது.

இரண்டாவது முக்காலி ஒன்று வாங்கினேன்.

ஜனவரி 14, புதன், போகி

குமுதா மதியப் பேருந்தில் வந்தாள். ஒரு கைப்பை. மூன்று நாளுக்கு அது போதும். பேருந்து நிலையத்திலேயே இரண்டு ஸ்வெட்டர், சால்வை, சாக்ஸ். நான் நேராகச் சமையலறைக்கு அழைத்துப் போனேன்.

மாலை 3.50: வந்து நின்றாள். சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். "ஏசியா? இங்கயா?" என்றாள். விளக்கம் கொடுக்கவில்லை.
4.15: சால்வையைக் கழற்றினாள்.
4.40: மேல் ஸ்வெட்டர்.
5.25: சாக்ஸ்.

விரல்களைப் பார்த்தேன். வெளுக்கவில்லை.

"நல்ல மெஷின்தான்," என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு இன்னும் கொஞ்சம் எதிர்பார்ப்பு இருந்தது.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

பொங்கிற்று. சமையலறையிலேயே இலை போட்டுச் சாப்பிட்டோம். போஜன் கேரட் கொண்டுவந்து கொடுத்து, "என்னம்மா, அங்கயே செட்டிலாயிட்டீங்களாமே?" என்று கேட்டார். குமுதா சிரித்தாள், மறுக்கவில்லை.

பிறகு, "சனிக்கெழம காலைல பஸ்ஸுங்க," என்றாள்.

கருவி 21 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எந்தக் குறையும் இல்லை என்பதை மூன்று முறை சரிபார்த்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

காலையில் அவள் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் புது முக்காலியில். நறுக்கிக்கொண்டே, "ஊர்ல நூறு மாடல் இருக்கும். இதுதான்னு எப்படி முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

ஒரு பொறியாளர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. நான் எழுந்து போய், டிசம்பர் பதினெட்டிலிருந்து எழுதிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். சுவரில் இருந்த கருவியை அவள் இரண்டு நிமிடம் பார்த்திருப்பாள். இதை அரை மணி நேரம் படித்தாள். மொத்தம் இருபத்தொன்பது வரிதான்.

"இது எந்த எடத்துல?"

"இந்த வாசலில்."

"நம்ம வாசல்லயா? மைனஸ் மூணா?"

"மூன்று புள்ளி நான்கும் இருக்கிறது. ஒன்பதாம் தேதி."

"பக்கத்துல இருக்கறது?"

"அது நிலையத்தில். அதே நாள், அதே இரவு."

விரலை வைத்து இரண்டு பத்திகளையும் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

"அப்ப எனக்குக் குளுருனது நெஜந்தானா?"

"நிஜம்தான்."

"நான் சொன்னப்பல்லாம்?"

"சொன்னபோதெல்லாம். ஏறக்குறைய ஏழரை டிகிரி வித்தியாசம். இருபத்தொன்பது குளிர்காலத்துக்கும் திருத்தம் போட வேண்டும். அளந்தது சரி. இடம் தப்பு. தப்பு என்னுடையது, குமுதா."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் சாதாரணமாக, பிறகு நிறுத்த முடியாமல், கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு.

"அரசாங்கமே ஒத்துக்கிச்சு! கெசட்ல போட்ருங்க!" என்றாள்.

சிரிப்பு முடிந்த பிறகும் சற்று நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 17, சனி

காலை ஐந்தரைக்கு எழுந்தபோது அவள் கைப்பையைத் தயார் செய்து வைத்திருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு.

"என்ன அப்படியே நிக்கறீங்க? ஒங்க துணிய எடுத்து வைங்க."

"எதற்கு?"

"சாமான் பூரா அங்க கெடக்கு. நான் ஒருத்தி எப்படித் தூக்கிட்டு வர்றது? ஒரு வாரம் இருந்துட்டுச் சேந்தே வந்துருவோம்."

நான் மகள் வீட்டுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. சமவெளியின் வெப்பம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று காரணம் சொல்லி வந்திருக்கிறேன். கரூரின் மாத சராசரிகளைக் காட்டி நிறுவியும் இருக்கிறேன். இப்போதும் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். குமுதா கதவருகே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வேட்டி, நான்கு சட்டை, இந்த நாட்குறிப்பு. கருவியைக் குறைந்த சூட்டில் ஓடவிட்டு, போஜனிடம் சாவி கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

ஜனவரி 18, ஞாயிறு, கரூர்

நேற்று மாலை இளவேனில் என்னை வாசலில் பார்த்துவிட்டு, "அம்மா, யாரக் கூட்டிட்டு வந்திருக்க?" என்றாள். மாப்பிள்ளை எனக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டார். தரை, சுவர், தண்ணீர்க் குவளை, எல்லாம் சுடுகின்றன. பேத்திகள் ஓடி விளையாடுகிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இங்கு நேற்று அதிகபட்சம் 31.2 என்று மதியச் செய்தியில் சொன்னார்கள். முறைப்படி, ஊருக்கு வெளியே, திறந்த வெளியில் எடுத்த எண்.

குமுதா விசிறிக்கொண்டே அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அவங்க சொல்றது இருக்கட்டும். மொட்ட மாடிக்குக் கீழ இருக்கற இந்த ரூம்ல முப்பத்தஞ்சு இருக்கும்," என்றாள்.

கரூர், மதியம் 2.30. முப்பத்தைந்து.